பம்பாய்க் குடை

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, வயல்கள் தொடங்கும் இடத்தில், குடியை நிறுத்த ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் மையம் ஒன்று இருக்கிறது. அதன் வாசல் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. கொண்டி மட்டும்தான். உள்ளேயிருந்தும் திறக்கலாம், வெளியேயிருந்தும் திறக்கலாம். என் தம்பியைச் சேர்க்கப் போன முதல் தடவையே இதைக் கவனித்து, அங்கிருந்த ஆலோசகரிடம் கேட்டேன்.

"பூட்டினா சுவர் ஏறிக் குதிப்பாங்கம்மா. கேட்டு பூட்டாம கெடக்கும்போது உள்ள இருக்கணும். அதுதான் இங்க வேலையே," என்றார்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். எடுத்த புத்தகம் எடுத்த இடத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பது என் தொழில். பள்ளி நாட்களிலிருந்து, தினமும் காலையில் எழுந்ததும் முந்தைய நாளைப் பற்றி டைரியில் எழுதிவிட்டுத்தான் காபி குடிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கொண்டி பிடிக்கவில்லை. பூட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பார்வையாளர்களை விடுவார்கள். போன வாரம் எதிர்ப் பெஞ்சில் இருந்தவர் இந்த வாரம் இருக்கமாட்டார். ஏன் போனார் என்று கேட்பேன். பதில்களில் குடி என்ற சொல்லே பெரும்பாலும் வராது. ஒரு பள்ளி ஆசிரியர், பரீட்சைத் தாள் திருத்தத் தான் போகாவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று போனார். ஒரு நெல் வியாபாரி, அறுப்பு நேரத்தில் மச்சானை நம்பமுடியாது என்று போனார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இருந்தார். தோட்டத்தை மூடியதால் ஆட்கள் எல்லோரும் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்த வருடம் அது. "என் வீட்டுக் கதவை நான்தான் சாத்திட்டு வரணும், ரெண்டு நாள்ல வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு மலைப் பஸ் ஏறினார். அவர் படுக்கையைச் சில நாட்கள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். பிறகு கொடுத்துவிட்டார்கள்.

என் தம்பியும் இரண்டு முறை பாதியில் வந்தவன்தான். முதல் தடவை, பசி திரும்பிவிட்டது என்பதற்காக வந்தான். ரசத்தின் ருசி தெரிகிறது, தூக்கம் வருகிறது, அப்புறம் எதற்கு இங்கே என்றான். அம்மாவும் அவன் இரண்டாவது தடவை சோறு கேட்டதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நம்பினாள். இரண்டாவது தடவை, பங்குனி உத்திரத்துக்காக நாங்களே ஒரு நாள் வெளியே கூட்டிவந்தோம். கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் ஆள் வீட்டில் இல்லை. தச்சநல்லூரில் அவன் நடத்திக்கொண்டிருந்த மோட்டார் பம்புக் கடையைச் சுற்றி இருக்கும் கூட்டாளிகள்தான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தோம்.

மூன்றாவது தடவை சேர்த்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் இனி ஒரு சுற்றைத் தாங்காது என்றார். முழுசாக இருந்து முடித்துவிட்டு வரட்டும், அது போதும் என்றார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. அதனாலேயே எனக்குப் புரிந்தது.

உறவுக்காரர்களிடம் என்ன சொல்வது என்பதை அம்மாதான் தீர்மானித்தாள். பம்புக் கம்பெனியில் பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று சொல்வதாக முடிவாயிற்று. பம்பு என்றால் கோயம்புத்தூர்தானே என்று தம்பி மனைவி கேட்டாள்.

"கோயம்புத்தூர்ல நம்ம ஆளுக நாலு குடும்பம் இருக்காவ. எங்க இருக்கான்னு பாத்துட்டு வாரேன்னு எவனாவது கெளம்பிருவான். பம்பாய்னு சொல்லு," என்றாள் அம்மா.

அப்படி அவன் பம்பாய்க்குப் போனான். உண்மையில் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரத்தில், ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தான்.

அந்த மாதங்களில் நான் கண்ணால் கண்டதை இங்கே ஒழுங்காகச் சொல்லவேண்டும். முதல் ஞாயிறு அவனால் டம்ளரைப் பிடிக்கமுடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் தண்ணீரிடம் கொண்டுபோனான். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று திரும்பி வந்தது. நகங்களுக்கு நிறம் வந்தது. காலையில் தானே சவரம் செய்துகொண்டான், கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. ஒரு ஞாயிறு நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, பேசிக்கொண்டே தோலை உரித்தான். தோல் எங்கும் அறுபடாமல், சுருள் சுருளாக ஒரே நாடாவாக மடியில் இறங்கியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நான் பேச்சை மறந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தைக்கவில்லை, ஒட்டவில்லை. விஷத்தை நிறுத்தியதும் உடம்பு தானாகத் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அணையிலிருந்து தண்ணீர் விட்டதும் வறண்ட தாமிரபரணிக் கால்வாயில் மறுநாளே பச்சை தெரியும். அதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அதற்கு நான் இப்படி வியந்ததில்லை.

"என்னக்கா, பழத்தைப் பாக்காம என்னையப் பாக்க?"

"ஒண்ணுமில்லலே. தின்னு."

அதற்குள் பங்குனி வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் அவர் முன்னால் வந்து நிற்கவேண்டும். பெண்களுக்குக் கல்யாணம் ஆனால் சாஸ்தா மாறிவிடுவார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆகவே எனக்கு மாறவில்லை. எங்கள் சாஸ்தா கொற்கைக்குப் போகும் வழியில், ஒரு குளத்துக் கரையில், பனைகளுக்கு நடுவே இருக்கிறார். சென்னைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். பம்பாயில் இருப்பவர்களும் வருவார்கள். அம்மாவின் கணக்கு இந்த இடத்தில்தான் தப்பிப்போயிற்று. பம்பாய் என்று சொன்னால் யாரும் தேடிப் போகமாட்டார்கள், சரி. ஆனால் பம்பாயிலிருந்து பங்குனி உத்திரத்துக்கு வராதவன் என்று ஒருவன் எங்கள் குடும்பத்தில் இதுவரை இருந்ததில்லை.

போதாததற்குச் சித்தப்பா போன் பண்ணினார். "தம்பி வரும்போது எனக்கு ஒரு குடை வாங்கிட்டு வரச் சொல்லு. பம்பாய்ல மழை சாஸ்தியாம்லா, குடை நல்லா இருக்கும்."

தம்பி மனைவி உள்ளூர் வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கி, கடைப்பெயர் ஒட்டியிருந்த சீட்டை வெந்நீர் வைத்துச் சுரண்டி எடுத்தாள்.

காலையில் கூட்டிப்போய் சாயங்காலம் நேரே மையத்தில் கொண்டுவந்து விடுவது, கூட்டாளிகள் கண்ணில் படாமல் வேனிலேயே போய்வருவது என்று ஏற்பாடு. நான்தான் அதை நேரம் பிரித்து வகுத்தேன். ஆலோசகரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. மறுக்க அவருக்கு உரிமையும் இல்லை.

"குடிக்கணும்னு தோணி ஓடுறவங்க கொஞ்சம் பேருதான்மா," என்றார். "வீட்டாளுக பாசத்துல வந்து கூட்டிட்டுப் போறதுதான் நெறைய. நீங்க போறது கோயிலுக்கு. நான் என்ன சொல்ல?"

பங்குனி உத்திரத்தன்று காலையில் நாங்கள் போனபோது தம்பி குளித்துத் திருநீறு பூசித் தயாராக இருந்தான். புதுச் சட்டை வயிற்றில் இறுகியது. சேர்ந்த நாளில் எடுத்த அளவுக்கு வாங்கிய சட்டை. நடுப் பொத்தானைப் போடமுடியாமல் அவன் மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. வேனில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் நாங்கள் மூன்று பேர். அவன் கால்களுக்கு நடுவே பம்பாய்க் குடை.

கிருஷ்ணாபுரம் தாண்டும் வரை அவன் குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு முன்சீட்டைப் பார்த்துக் கேட்டான்.

"யம்மா, இன்னைக்கி மாடனுக்கு முன்னால யாரு நிக்கணும்?"

"நீதாம்லே. உங்க அப்பாவுக்கு அப்புறம் மூத்த பங்கு நீதான."

சாஸ்தாவுக்குப் பின்னால், மதிலை ஒட்டி, சுடலைமாடன் பீடம் இருக்கிறது. அங்கே ஆண்கள் மட்டும்தான் போவார்கள். அந்த நேரத்தில் சாஸ்தா சன்னதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். பெண்கள் நாங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். சாமிக்கு அலங்காரம் நடக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

"அங்கன நின்னா என்ன குடுப்பாவன்னு தெரியுமா?"

"திருநீறு குடுப்பாவ."

"திருநீறும் குடுப்பாவ," என்றான் அவன். "மாடனுக்குப் பாட்டில் வச்சுக் கும்பிடுவாவம்மா. கும்பிட்டு முடிச்சதும் மூத்த பங்குக்கு முதல் டம்ளரு. அதுக்கப்புறந்தான் மத்தவங்களுக்கு. அதைச் சாஸ்தா பாக்கக் கூடாதுன்னுதான் திரை."

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. அம்மா சட்டென்று திரும்பினாள்.

"வாயிக்கு வந்ததைப் பேசாதலே. உங்க அப்பா அந்த எழவைத் தொட்டதே கெடையாது."

"வருசத்துக்கு ஒரு நாள் தொட்டாவ. வாசம் தெரியாம வெத்தல போட்டுட்டு வருவாவ."

அம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "அன்னைக்கி மட்டும் வெத்தல போடுவாவ. பொங்கல் செரிக்கதுக்குன்னு சொல்லுவாவ."

தம்பி மனைவி அவன் முழங்கையைப் பிடித்தாள். "அப்ப போன வருசம்…"

"போன வருசமும் நாந்தான நின்னேன். அங்கன திரும்ப ஆரம்பிச்சதுதான். கடைக்கூட்டாளிக பாவம், அவனுவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"வேண்டாம்னு சொல்லக்கூடாதாலே?" என்று கேட்டேன்.

"எக்கா, சாமி குடுக்கு. அத்தனை பேரு பாத்துட்டு நிப்பான். இன்னைக்கி சொல்லிப் பாப்போம்னுதான் சட்டையைப் போட்டேன். காலைல இருந்து சொல்லிச் சொல்லிப் பாக்கேன், வாயில வர மாட்டேங்குது." உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "எனக்குப் பயமா இருக்குக்கா. வண்டியை நிறுத்தச் சொல்லு."

என் தம்பி பயம் என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. சின்ன வயதில் பாம்பைக் கம்பில் தூக்கியவன். கடன்காரனைத் தெருவில் வைத்துத் திட்டியவன். குடித்த நாட்களில் யாருக்கும் அடங்காதவன். இப்போது பொத்தான் போடமுடியாத புதுச் சட்டையில், நான்கு பேருக்கு நடுவே, தெளிவாகப் பயமாக இருக்கிறது என்று சொன்னான்.

செய்துங்கநல்லூரில் வேன் நின்றது. எதிர்ப்பக்கம் பாளையங்கோட்டைக்குப் போகும் பஸ் நிற்கும் இடம். அவன் இறங்கினான்.

"நானும் வாரேன்," என்று இறங்கப் போனேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நீ வந்தா, அக்கா கூட்டிட்டு வந்து விட்டான்னு ஆயிரும். நீங்க கோயிலுக்குப் போங்க. சித்தப்பாட்ட உள்ளதைச் சொல்லிரு. பம்பாய் போதும்."

"வெயிலா இருக்கு," என்றாள் அவன் மனைவி.

அவன் குனிந்து குடையை எடுத்துக்கொண்டான். ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் நின்று, குடையை விரித்தான். பங்குனி வெயிலில் மழைக்குடை பிடித்து நிற்கும் ஒரு பருத்த மனிதன். வேன் கிளம்பியது. இனி அவன் என்ன செய்கிறான் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. மதுக்கடைகள் திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் போகும் வழியில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்பது எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? பின்கண்ணாடியில் அந்தக் கறுப்புக் குடை சின்னதாகிச் சின்னதாகி வாழைத்தோப்பு மறைக்கும் வரை பார்த்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கோயிலில் வழக்கம்போல் கூட்டம். பொங்கல் பொங்கியது, குலவை போட்டார்கள். திரை விழுந்தது. ஆண்கள் பின்பக்கம் போனார்கள். என்னால் பானைக்கு முன்னால் உட்காரமுடியவில்லை. எழுந்து திரையைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்னால் யாரோ "ஏட்டி, அங்கன போகக்கூடாது" என்றார்கள்.

மாடனை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசிய, இடுப்பளவு உயர்ந்த பீடம். உருவம் எதுவும் இல்லை. முன்னால் வாழையிலையில் படையல், ஒரு கட்டுச் சுருட்டு, தம்பி சொன்ன பாட்டில், பக்கத்தில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர். எங்கள் வீட்டு ஆண்கள் அரைவட்டமாக நின்றார்கள். பெயர் சொல்லும்படியான உத்தியோகஸ்தர்கள், பென்ஷன்காரர்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் பள்ளிக்கூடப் பையன்கள்போல் கையைப் பின்னால் கட்டினார்கள்.

"எங்கட்டி அவன்? மூத்த பங்கு நிக்க வேண்டாமா?" என்றார் சித்தப்பா. "என் குடை எங்க?"

"அவன் பம்பாய்ல இல்ல சித்தப்பா. பாளையங்கோட்டைல, குடியை நிறுத்துத எடத்துல சேந்திருக்கான். இங்க வந்தா இதைக் குடிக்கணும்னு பாதி வழியில எறங்கித் திரும்பிப் போயிட்டான். குடையையும் கொண்டுபோயிட்டான்."

சித்தப்பா வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"போன மாசம் போன்ல, பம்பாய்ல வெயிலாலே மழையான்னு கேட்டேன். சுமாரா இருக்கு சித்தப்பான்னான்."

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். சித்தப்பா திரும்பி, "ஏன்வே, என்ன இருமலு?" என்று அதட்டினார். பிறகு பாட்டிலைத் திறந்து, டம்ளரை நிமிர்த்தி, நிறைய ஊற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடனிடம் நேராகப் பேசினார், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல.

"இது மூத்த பங்கு. அவன் வரலை. வர மாட்டான், இனிமேயும் கேக்காத. இதையும் நீயே வச்சுக்க."

பீடத்தின் அடியில் டம்ளரைக் கவிழ்த்தார். தேரிக்காட்டுச் செம்மணல் அதை ஒரு மூச்சில் குடித்துவிட்டது. ஈரம்கூடக் கொஞ்ச நேரம்தான் தெரிந்தது. திருநீற்றை ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்து, "அவனுக்குப் பூசி விடு. இப்பம் நீ அங்கன போ," என்றார்.

மற்றவர்கள் குடித்தார்களா என்றால், குடித்தார்கள். சித்தப்பாவும்தான். பிறகு திரையைத் தாண்டி வெளியே வந்தவர் வழக்கம்போல வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டுபோனார். எதிரே அம்மா நின்றுகொண்டு அந்த வெற்றிலையையே பார்த்தாள். சித்தப்பாவின் கை பாதியில் நின்றது. "மதினி…" என்றார். வெற்றிலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் மையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். போன் என் மடியில்தான் இருந்தது. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும் என்று பயந்து மூவரும் கேட்கவில்லை. செய்துங்கநல்லூர் வந்தபோது மூன்று பேரும் அந்தப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தோம். வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

இத்தனை நாளும் நான் போனவர்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஏன் போனார், வியாபாரி ஏன் போனார், மாஞ்சோலைக்காரர் ஏன் போனார். வேனில் உட்கார்ந்து யோசித்தபோது, அவர்கள் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்று பட்டது. வேலை, வீடு, சாமி, சொந்தம் என்று எல்லாமே கேட்டுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன. அவ்வளவையும் கேட்டுக்கொண்டு, கொண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒருவன் வேப்பமரத்தடியில் இன்னொரு நாள் உட்கார்ந்திருக்கிறானே, அது எப்படி? அதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

வேன் மையத்தின் முன் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா இறங்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் தம்பி மனைவியும் கொண்டியைத் தூக்கிக் கேட்டைத் திறந்தோம். முற்றத்தில் யாரும் இல்லை. மாலைக் கூட்டம் நடக்கும் அறையின் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் கம்பியில், பெரிய கறுப்புக் குடை ஒன்று வளைந்த பிடியால் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பி ஓடி வேன் ஜன்னலைத் தட்டினேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, "இருக்கானா?" என்றாள்.

"இருக்கான்."

கூட்டம் முடிந்து அவன் வெளியே வந்தான். முகம் கழுவிய ஈரம் இருந்தது. புதுச் சட்டையைக் கழற்றியிருக்கவில்லை. நெற்றியில் திருநீற்றைப் பூசினேன். குனிந்து காட்டினான்.

"எப்படி வந்தலே?"

"பஸ்லதான்." ஜன்னலில் தொங்கிய குடையைப் பார்த்துச் சொன்னான்: "ஒவ்வொரு ஸ்டாப்லயும் எறங்கிருவோம்னுதான் இருந்துச்சுக்கா. குடையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். கண்டக்டர், என்னண்ணாச்சி, குடைய யாரும் புடுங்கிருவாவளான்னு கேட்டான்."

சிரித்தான். அவன் மனைவி பொங்கல் தூக்குவாளியை நீட்டினாள். திறந்து மோந்து பார்த்தான்.

"சித்தப்பா என்ன சொன்னாவ?"

"உன் பங்கை மண்ணுல ஊத்திட்டாவ. இனிமே நீ வர மாட்டேன்னு மாடன்ட்ட சொல்லிட்டாவ."

அவன் தலை நிமிரவில்லை. கையில் எடுத்த பொங்கலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். விரல்கள் நடுங்கவில்லை. உற்றுப் பார்த்தேன், கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"குடையைக் கேட்டாவளா?"

"முதல்ல அதைத்தான் கேட்டாவ."

"இங்க முடிச்சுட்டு நானே கொண்டுபோய்க் குடுக்கேன்னு சொல்லு," என்றான்.

ஆனி மாதம், முதல் சாரல் விழுந்த பிறகு, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான்.